எம்.பி. வீட்டு மருமகன்

றிபாவைப் பெண் கேட்டு மருதமுனையிலிருந்து அஸீஸா வந்த அன்று, விறாந்தையில் உட்கார ஒரு கதிரை இல்லை. மீன்பிடிச் சங்கத்துக்காரர்கள், இடமாற்றம் கேட்டு வந்த ஆசிரியை, வடிகானை அடைத்துவிட்ட பக்கத்து வளவுக்காரனைப் பற்றி முறையிட வந்த ஒரு முதியவர் என்று ஒரே கூட்டம். றிபாவின் வாப்பா காலிதீனின் இணைப்பாளரான ஜவுபர், மாப்பிள்ளையின் தாயென்று தெரியாமல் அவளைப் பார்த்து, என்ன விசயமாக வந்தீர்கள், கடிதம் ஏதும் கொண்டு வந்தீர்களா என்று கேட்டுவிட்டான். அஸீஸா பொறுமைசாலி. மகனுக்குப் பெண் கேட்டு வந்தேன், அதற்கும் கடிதம் வேணுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். திரைக்குப் பின்னால் நின்ற றிபாவின் உம்மா ஸுஹைறாவுக்கு வெட்கத்தில் மேலெல்லாம் கூசிப்போயிற்று.

வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். தன் புருசன் என்ன பதில் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருசமாக அதே பதில்தான். "எலக்சன் முடியட்டும்."

இந்த எலக்சன் கதையைச் சொல்லாமல் காலிதீனின் கதையைச் சொல்ல முடியாது. அதற்கும் முன்னால் வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். கல்முனையில் அதற்கு எம்.பி. வீடு என்று பெயர். எம்.பி. என்றால் ஸுஹைறாவின் வாப்பா சீனிமுகம்மது. அவருடைய வாப்பா அந்தக் காலத்துக் கிராமச் சபைத் தலைவர். ஆக, அந்தக் கேற்றைத் திறந்துகொண்டு ஊர்ச்சனம் வரத் தொடங்கி மூன்று தலைமுறை ஆகிறது. எம்.பி.க்கு ஆண்பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் அவன் கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குத்தான் போயிருப்பான். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசினால், இருக்கிற வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் வளவின் மூலையிலோ வேறெங்கோ சின்னதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான்.

சாய்ந்தமருதுக் காலிதீனும் அப்படி வந்தவர்தான். வர்த்தகப் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்த இளம் வாத்தியார், மேடையில் ஏறினால் இறங்க மனமில்லாதவர். அந்தப் பேச்சுக்காகவே எம்.பி. அவரை மருமகனாக எடுத்தார் என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் எடுத்த எம்.பி. ஒதுங்கவில்லை. வீட்டை மகளுக்கு எழுதும்போதே, உயிரோடிருக்கும் மட்டும் தான் அங்கேயே இருக்கலாம் என்று சீவிய உரித்து வைத்துக்கொண்டுதான் எழுதினார். விறாந்தை மேசையும் அவரிடம், வருகிற சனமும் அவரிடம். பின்னறையில் புது மாப்பிள்ளை பத்திரிகை படித்துக்கொண்டு இருந்தார். பதினைந்து பதினாறு வருசம் அப்படியே போயிற்று. கடைசிக் காலத்தில்தான் அது மாறியது. வந்தவர்கள் எம்.பி.க்கு ஸலாம் சொல்லிவிட்டு, விசயத்தைப் பின்னறையில் மருமகனிடம் போய்ச் சொன்னார்கள். எம்.பி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்து மௌத்தானார்.

கத்தம் ஓதி முடித்த மறுநாளே கேற் திறந்தது. யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும், காலிதீன் மேசையில் அமர்ந்தார். அடுத்து வந்த மாகாண சபைத் தேர்தலில் நின்றார், விருப்பு வாக்கில் மயிரிழையில் வென்று திருகோணமலைக்குப் போய்ச் சத்தியப்பிரமாணம் செய்தார். அவர் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஆஸ்பத்திரி வார்டு ஒன்றுக்குக் கூரை போட வைத்தார், கடற்கரை வீதிக்கு விளக்குப் போட வைத்தார், எந்த நேரமும் போன் எடுத்தார். அவரிடம் ஒரு குணம் இருந்தது, யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். "செய்வம்" என்பார். நடக்கிற விசயத்துக்கும் செய்வம், நடக்காததுக்கும் செய்வம். கேட்டு வந்தவர்கள்தான் எது எந்தச் செய்வம் என்று வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும்.

ஐந்து வருசம் முடிந்து சபை கலைந்தது, அடுத்த தேர்தல் வரவில்லை. எல்லை நிர்ணயம் என்றார்கள், பழைய முறையா புதிய முறையா என்றார்கள், பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. தேர்தல் இந்தா வருகிறது என்ற பேச்சு மட்டும் வருசத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தது. மாகாண சபை உறுப்பினர் என்று கேற்றில் இருந்த பலகையைக் காலிதீன் கழற்றவில்லை. சனமும் அதைச் சுருக்கி "எம்.பி.சி" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அதிகாரம் இல்லாவிட்டாலும் போன் பண்ணிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து றிபாவும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவளுக்கு முதல் சம்பந்தம் வந்தபோது அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், வயது இருபத்தெட்டு. அக்கரைப்பற்று இஞ்சினியர் வந்தார், நிந்தவூர் டொக்டர் வந்தார். எலக்சன் முடியட்டும் என்ற பதிலைக் கேட்டுவிட்டு அவர்கள் வேறு இடத்தில் கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள். கலியாண வீடுகளுக்குப் போனால் ஸுஹைறா மூலையில்தான் உட்காருவாள். மகளுக்கு ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று கேட்பவர்களுக்குப் பயந்துதான்.

அஸீஸாவின் மகன் அஸ்ஹர் கைத்தறிச் சாரங்களை மொத்தமாக எடுத்துக் கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறவன். நல்ல பொடியன் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். றிபாவும், அவளுக்கே உரிய அமைதியோடு, இந்த ஆளென்றால் தனக்குச் சம்மதம் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். எட்டு வருசத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. காலிதீன் அஸீஸாவிடம் மிகவும் மரியாதையாகக் கதைத்தார், பிளேன்ரீ குடிக்க வைத்தார், தேர்தல் அறிவிப்பு அடுத்த மாதம் வந்துவிடும், அது முடிந்த கையோடு செய்வம் என்றார். எலக்சன் எப்போதும் வரும், மகனுக்கு வயது வராமல் நிற்குமா, நோன்புக்கு முன்னே ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அஸீஸா சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் புருசனும் ஜவுபரும் கதைத்ததை, ஜன்னலை மூட வந்த ஸுஹைறா கேட்டாள்.

"பொடியன் நல்லாக் கதைக்கிறான் ஜவுபர். வெள்ளத்துக்கு அவன் நிண்டு செஞ்ச வேலய மருதமுனையே சொல்லுது. நாளைக்கு அவன் இந்த வீட்டுக்க வந்தா, ஆக்கள் கேற்றத் திறந்து யாரத் தேடுவாங்க?"

உங்களைத்தான் என்றான் ஜவுபர்.

"நான் வந்த காலத்தில எம்.பி.யும் அப்பிடித்தான் நினச்சார்."

ஸுஹைறா ஜன்னலை மூடாமலே திரும்பிவிட்டாள். இத்தனை நாளும் இந்த மனுசன் அரசியல் பித்தில் மகளை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் மறக்கவில்லை. இஞ்சினியரையும் டொக்டரையும் கணக்குப் பார்த்துத்தான் திருப்பியிருக்கிறார். கதைக்கத் தெரியாத மாப்பிள்ளை ஒருவன் வரும் மட்டும் றிபா இருக்க வேண்டியதுதான் போலும்.

மறுநாள் அவள் தன் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நொத்தாரிசு கனகரெத்தினத்திடம் போனாள். காரைதீவு மனிதர், எம்.பி. அவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபோது அந்த உறுதியை முடித்தவரும் அவரே. எம்.பி.சி.க்குத் தெரியுமா தங்கச்சி என்று கேட்டார். வீடு என்ட பேரில இரிக்கி ஐயா என்றாள் அவள். அது சரி என்று சொல்லிவிட்டு, உங்களுக்குச் சீவிய உரித்து வைத்து எழுதுவோம், நாளைக்கு ஒரு பாதுகாப்பு என்றார்.

"வேணாம் ஐயா. வாப்பா அப்பிடித்தான் வச்சார். அதால வந்தத நாங்க பாத்தம்."

வீடும் வளவும் முழுதாக றிபாவின் பேருக்குப் போயிற்று. ஒளித்து வைக்கிற பழக்கம் ஸுஹைறாவுக்கு இல்லை. அன்று பகல் சாப்பாட்டிலேயே புருசனிடம் சொன்னாள். காலிதீன் கோபப்படவில்லை. யார் எழுதியது என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், நல்ல நொத்தாரிசு என்றார். மீனின் முள்ளைப் பிரித்து ஓரமாக வைத்தார், எழும்பிக் கை கழுவினார், துவாயில் துடைத்துக்கொண்டார்.

"வீடு உன்ட. எழுதிட்டாய், சரி. ஆனா வலி நான், ஸுஹைறா."

அவள் அதை யோசிக்காமல் இல்லை. நிக்காஹ் என்றால் பெண்ணின் தகப்பன் வலியாக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். தாயின் கையில் வீடு, தகப்பனின் கையில் மகள். அவர் கை கொடுக்க மறுத்தால் காதி நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம். அப்படிப் போனால் அடுத்த நாள் காலையில் மருதமுனை முதல் நிந்தவூர் வரைக்கும் தேத்தண்ணிக் கடைகளில் அதுதான் கதை.

ஆனாலும் போவோம் என்று ஸுஹைறா மகளிடம் சொன்னாள். றிபா மாட்டேன் என்றாள்.

"வாப்பாவக் காதிக்கிட்ட இழுத்துத்தான் எனக்கு மாப்பிள்ள வேணுமெண்டா, அது எனக்கு வேணாம் உம்மா. ஆனா இனி ஒரு எலக்சனும் பாத்துக்கு இரிக்க மாட்டன். கொழும்புக்கு மாற்றம் எடுத்துக்கு போயிருவன். இந்த வீட்டில ஆரு வேணுமெண்டாலும் இரிங்க."

றிபா சொன்னால் செய்கிறவள். மாற்றத்துக்கான விண்ணப்பம் ஏற்கெனவே அவள் கைப்பைக்குள் இருந்தது. ஸுஹைறா பொறுத்துக்கொண்டு நிற்கவில்லை. அஸீஸாவுக்குச் சொல்லி அனுப்பினாள், அவர்கள் பெரியவர்களோடு வந்தார்கள், நோன்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு வீட்டிலேயே நிக்காஹ் செய்து காவின் எழுதுவது என்று பேசினார்கள். காலிதீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "செய்வம்" என்றார். வந்தவர்கள் சந்தோசமாகப் போனார்கள். ஸுஹைறாவுக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அது எந்தச் செய்வம் என்று முப்பது வருசம் கூட இருந்தவளாலேயே சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்து வந்தவர், வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். ஜவுபர் வானை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான். தலைவர் அவசரமாகக் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கிறார், வேட்பாளர் பட்டியல் விசயம், போகாவிட்டால் பெயர் போய்விடும் என்றார். இன்றைக்கா என்று அவள் கேட்டாள். இன்றைக்குத்தான் என்றார். அவள் கேற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் வான் சந்தியைத் திரும்பிவிட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன, சமையலைப் பாதியில் நிறுத்தவா? வளவுக்குள் புரியாணிச் சட்டிகள் ஏறிவிட்டன. ஹோலைக் காலி பண்ண வந்தவர்கள் எம்.பி.யின் மேசையைத் தூக்கிப் பின்வளவில் வைத்துத் தறப்பாளால் மூடினார்கள். றிபாவுக்கு மருதோன்றி இட்ட கை சிவந்திருந்தது. வாப்பா எங்கே என்று அவள் கேட்டாள், வருவார் என்றாள் ஸுஹைறா. மகள் தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்காமல் விட்டதுதான் ஸுஹைறாவை வதைத்தது.

பகல் லுஹர்த் தொழுகை முடிந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எம்.பி.சி. எங்கே, எம்.பி.சி. எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கொழும்பில் ஒரு கூட்டம், வந்துகொண்டிருக்கிறார் என்று அவள் பொய்க்கு மேல் பொய் அடுக்கினாள். அஸ்ஹரின் ஆட்களும் வந்து இறங்கிவிட்டார்கள். விவாகப் பதிவுகாரர் ஒரு நல்ல மனிதர். வலியாக நிற்க வேண்டியவர் வந்து சேர முடியாவிட்டால், எனக்குப் போனில் வக்காலத் தந்தாலும் போதும், அவர் சார்பில் நான் கை கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வசனம். அவ்வளவுதான் தேவை.

ஸுஹைறா குசினிக்குப் பின்னால் போய் நின்று போன் எடுத்தாள். நீண்ட நேரம் அடித்தது. பிறகு காலிதீன் எடுத்தார். வான் வழியில் பழுதாகி இப்போதுதான் மகியங்கனை தாண்டினோம், காட்டுப் பாதை, சிக்னல் இல்லை என்றார். ஒரு வசனம் சொல்லுங்கள், பதிவுகாரரிடம் போனைக் கொடுக்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். அவர் பேசாமல் இருந்த அந்த இடைவெளியில் போனுக்குள் வேறொரு சத்தம் கேட்டது. அலை அடித்து, இழுத்து, மறுபடி அடித்தது. மகியங்கனையில் ஏது கடல்?

அவள் போனை வைத்துவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு பின் கேற்றால் இறங்கினாள். முச்சக்கர வண்டிக்காரனிடம் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதி என்றாள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். முப்பது வருசத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் இன்றைக்கு அந்த மனுசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனாள்.

காலிதீன் பிறந்த வீடு அந்த வீதியில்தான். தாயின் வீடு, இப்போது தங்கச்சி மர்ஷூதாவின் வீடு. வான் மதிலோரம் நின்றது. ஜவுபர் அதில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஸுஹைறாவைக் கண்டதும் தலையை நிமிர்த்தவே இல்லை. உள்ளே விறாந்தையில் காலிதீன் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல். அதன்மேல், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பையும், தட்டில் பிஸ்கட்டும். வெள்ளைச் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மர்ஷூதா மதினியைக் கண்டதும் அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தலைவர் கூப்பிடல்ல" என்றார் காலிதீன். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொன்னார். "ஒருத்தரும் கூப்பிடல்ல. எட்டு வருசமா ஒருத்தரும் என்னக் கூப்பிடல்ல, ஸுஹைறா."

அவள் அடுக்கி வந்ததெல்லாம் எங்கேயோ போயிற்று. அப்படியென்றால் இங்கே வந்து ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"வேற எங்க போற? இந்தக் கிணத்தடியிலதான் நான் ஓடித் திரிஞ்ச. மர்ஷூதா எனக்குப் பிஸ்கட்டு வச்சித் தாறாள். அங்க உங்கட வீட்டில முப்பது வருசம். எம்.பி. வீடு எண்டாங்க, மறுகா எம்.பி.சி வீடு எண்டாங்க. காலிதீன்ட வீடெண்டு ஒருத்தனும் சொல்லல்ல. அந்த மேச ஒண்டுதான் என்டதா இரிந்திச்சி. அதையும் பொடியன் வந்து எடுத்தா, நான் எந்தக் கதிரையில போய்க் குந்துற?"

ஸுஹைறாவுக்குக் கோபம் தணியவில்லை. மகளின் எட்டு வருசத்தை விழுங்கிய மனிதர் இவர், அது இல்லையென்று ஆகிவிடாது. ஆனாலும் அந்தப் பூப்போட்ட கோப்பைக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவள் அவருக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் எழுதிக் குடுத்திட்டன் றிபாட வாப்பா. எனக்குச் சீவிய உரித்தும் வைக்கல்ல. இண்டையில இரிந்து எனக்கும் வீடில்ல. எங்கயாச்சும் ரெண்டு அற உள்ள ஒண்டப் பாப்பம், அதுக்கு உங்கட பேர வைங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். புள்ள மருதோண்டி வச்சிக்கு குந்தி இரிக்காள். அவள் உங்கள்ட்ட வீடு கேக்கல்ல, மேச கேக்கல்ல. கையத்தான் கேக்கிறாள்."

கடல் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வருவார் என்றும் தோன்றியது, வரமாட்டார் என்றும் தோன்றியது. பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். கடைசி வரியும் முடிந்த பிறகுதான் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஜவுபரிடம் வானைத் திருப்பச் சொன்னார்.

ஹோலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஆண்கள் வட்டமாக இருந்தார்கள், திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். காலிதீன் வந்து அஸ்ஹருக்கு எதிரே அமர்ந்தபோது, எம்.பி.சி. வந்துட்டார் என்று முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஸுஹைறா திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பதிவுகாரர் மாப்பிள்ளையின் விபரங்களை எழுதிவிட்டு வலியின் பக்கம் திரும்பினார். பெயரைக் கேட்டார், காலிதீன் சொன்னார். தொழில் என்று கேட்டுவிட்டு, அதென்ன கேட்பது என்று தானே சிரித்துக்கொண்டு மாகாண சபை உறுப்பினர் என்று எழுதப் போனார்.

"இளைப்பாறிய ஆசிரியர்" என்றார் காலிதீன்.

ஜவுபர் வாயைத் திறந்தான், அவர் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பதிவுகாரர் எழுதினார். அடுத்தது வதிவிடம், இந்த வீடுதானே என்றார்.

"இல்ல ஹஸ்ரத், இது மகள்ட வீடு. நாங்க இன்னும் ஒண்டும் பாக்கல்ல. அந்த இடத்த வெறுமையா விடுங்க."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். அஸ்ஹர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் மேடைக்காரரின் குரல் ஒரு தடவை இடறியது. திரைக்குப் பின்னால் ஸுஹைறா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.